சாப்பாட்டு நேரத்திலும் ஆடிய கோடு

கல்லாவி
26.3.1991

அன்புள்ள சுக்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது பொய்யாகிவிடும். இரண்டு நாளாக விடிவதற்கு முன் சஹருக்கு எடுத்து வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பதினோரு நிமிடத்துக்கு என் கருவி கெட்டுவிட்டது. அல்லது யாரோ கெடுத்துவிட்டார்கள்.

நீ இந்தக் குடிசையைப் பார்த்ததில்லை. பூமியின் காந்தம் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் இங்கே வேலை. அளக்கிற பெட்டியைக் குழியில் புதைத்திருக்கிறோம். அதிலிருந்து வருகிற கேபிள் குடிசைக்குள் ஒரு ரெக்கார்டருக்குப் போகிறது. அதில் காகிதச் சுருள் நகர நகர ஒரு பேனா கோடு போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இரும்பு வந்தால் அதையும் காட்டிவிடும். அதனால் குடிசையில் ஆணிகூடப் பித்தளைதான். உள்ளே போகும்போது சாவியையும் பெல்டையும் வேலிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன்.

அன்று பேனா ஒரேயடியாக எகிறிக் காகிதத்தின் ஓரத்தில் முட்டியது. பிறகு கீழே இறங்கி ஆடத் தொடங்கியது. மேலே, கீழே, மறுபடியும் மேலே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம். யாரோ படுத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவதுபோல இருந்தது. இந்த ஏழு மாதத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து பார்த்தால், பக்கத்து நிலத்துக்கார நாராயணப்பன் தன் கிணற்றை ஆழப்படுத்த கிரேன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இரும்புத் தொட்டி உள்ளே இறங்குகிறது, கல்லை நிரப்பிக்கொண்டு மேலே வருகிறது. வாட்சை வைத்துப் பார்த்தேன். இறங்கி ஏற நாலு நிமிடம், ஐந்து நிமிடம்.

ஜனவரியில் அவருடைய டிராக்டரை இந்தப் பக்கம் ஓட்டக் கூடாது என்று நான் தடுத்தேன். "எங்க நெலத்துல எங்க வண்டி போறதுக்கு உன்னக் கேக்கணுமா? ஒரு நாளைக்கு உன் பொட்டிக்கு நான் யாருன்னு காட்டறேன் இரு" என்றார். காட்டிவிட்டார்.

பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற அண்ணாதுரை சார், பிப்ரவரியில் இரண்டு சுருள் கெட்டுப்போனதற்கே, "இன்னொண்ணு கெட்டா வேற ஆளப் பாத்துக்கறோம் முனீர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இது மூன்றாவது. அதனால் நாளை ஸ்டேஷனில் புகார் கொடுக்கப்போகிறேன். எழுதி வைத்துவிட்டேன். தவறு என்னுடையது இல்லை என்று காட்ட எனக்கு வேறு காகிதம் கிடையாது.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

உன்
முனீர் அகமது


ஓசூர்
30.3.1991

அன்புள்ள உங்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் இன்று காலை வந்தது. டீ நேரத்தில் டெஸ்டிங் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

புகார் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை அப்புறம் படியுங்கள்.

எனக்கு உங்கள் பூமியின் காந்தம் தெரியாது. அலை தெரியும். ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து சர்க்யூட் போர்டை ஸ்கோப்பில் வைத்து, திரையில் ஓடும் அலையைப் பார்க்கிறேன். கோட்டில் வேண்டாத அலை ஒன்று வந்தால், பக்கத்து மிஷின்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் சூப்பர்வைசர் ருக்மணி ஒப்புக்கொள்ள மாட்டார். "அந்த மிஷின ஆஃப் பண்ணிப் பாத்தியா? அலை நின்னுச்சா?" என்றுதான் கேட்பார். நின்றால் அந்த மிஷின். நிற்காவிட்டால் வேறு எங்கிருந்தோ வருகிறது.

கிணற்று ஆட்கள் மதியம் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா? அப்போது தொட்டி சும்மாதானே தொங்கியிருக்கும்? அந்த நேரத்தில் உங்கள் கோடு நேராகப் போனதா, ஆடிக்கொண்டே இருந்ததா? சுருளை எடுத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. கெட்டுப்போன கருவி கிறுக்கும். இவ்வளவு ஒழுங்காக ஆடாது.

கம்பெனியில் லாக்-அவுட் முடிந்து எல்லோரும் திரும்ப வேலைக்கு வந்தபோது, நீங்கள் மட்டும் வேண்டாம் என்று கல்லாவிக்குப் போனீர்கள். மனிதர்கள் தொந்தரவு இல்லாத வேலை என்றீர்கள். இப்போது யாரையும் தெரியாத ஊரில் ஒரு மனிதர்மேல் போலீசுக்குப் போகிறீர்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால் எனக்குத் தந்தி அடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இதை நினைத்தால் கையிலிருக்கிற சால்டரிங் அயர்ன் நழுவுகிறது. இன்று ஒரு போர்டைச் சுட்டுவிட்டேன்.

மாமிக்குச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளில் என் முகத்தைப் பார்த்தே அவர் எதையோ புரிந்துகொள்கிறார்.

சுக்ரா


கல்லாவி
2.4.1991

அன்புள்ள சுக்ரா,

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

27ஆம் தேதி புகார் கொடுத்தேன். மறுநாள் காலை ஜீப் வந்தது. கிணற்று மேட்டில் வைத்தே நாராயணப்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசாங்க வேலைக்கு இடையூறு, கருவிக்குச் சேதம் என்று எழுதிக்கொண்டார்களாம். இவ்வளவு வேகமாகப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டு மிரட்டி அனுப்புவார்கள், கிரேன் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அவர் மனைவி காவேரி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கூச்சல் போடவில்லை. "சாமி, உங்க பொட்டிக்கு என்னா ஆச்சோ அத நாங்க சரி பண்ணித் தர்றோம். அவர விட்டுடச் சொல்லுங்க" என்றார். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது விட்டுவிட்டார்கள். ஆனால் தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போக வர எட்டு மைல். காலையில் குடிசையைத் தாண்டித்தான் நடந்து போகிறார். இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

டீக்கடையில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று வேலியில் இரண்டு கம்பம் சாய்ந்து கிடந்தது. மாடு தள்ளியதா, ஆள் தள்ளியதா என்று தெரியவில்லை. குடிசைக்குள் இருக்கும்போது காகிதம் நகரும் சத்தத்தைத் தவிர வேறு ஏதாவது கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுருளை அப்போதே பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன். பார்க்க முடியாது.

முனீர்


ஓசூர்
6.4.1991

அன்புள்ள உங்களுக்கு,

எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் சின்னராஜ் என்று ஒருவர் இருக்கிறார். ஊத்தங்கரைக்காரர். அவருடைய மச்சான் கல்லாவியில் உரக்கடை வைத்திருக்கிறார். நீங்கள் அங்கே இருப்பது சின்னராஜுக்குத் தெரியாது. கேன்டீனில் மற்றவர்களிடம் கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆரோ ஒரு ஆளு காட்டுல பொட்டி வெச்சிக்கினு உக்காந்திருக்கறானாம். அந்தப் பக்கம் போனா பொட்டி காட்டிக் குடுத்துடுமாம், உடனே போலீசு வந்துடுமாம். பாவம், கெணறு வெட்டுனவனப் புடிச்சி செமத்தியா அடிச்சிட்டாங்க."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு நோன்பு, பழக்கத்தில் எடுத்த தட்டில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். காலித் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

அடித்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. உங்களுக்குத் தெரியாதா, எழுதவில்லையா?

சுருளை மாதம் ஒருமுறை அண்ணாதுரை சார் நேரில் வந்து எடுத்துப்போவார் என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். தபாலில் அனுப்பினால் கசங்கிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களோடு ஆறு வருடம் குடித்தனம் செய்தவள். பொய் சொல்லும்போது உங்கள் வாக்கியம் குட்டையாகிவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் உங்களை என்ன செய்வார்கள் என்ற பயம் ஒன்று. நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்ற பயம் இன்னொன்று. இந்த இரண்டில் எது பெரிது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோடு ஆடியதா, இல்லையா?

சுக்ரா


கல்லாவி
11.4.1991

சுக்ரா,

ஆடியது.

கிணற்று ஆட்கள் ஒரு மணிக்குத் தொட்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்குத்தான் எழுந்தார்கள். வேலிப் பக்கத்திலிருந்து நானே பார்த்தேன். அந்த ஒரு மணி நேரமும் கோடு அதே மாதிரி ஆடியிருக்கிறது. மாலையில் அவர்கள் கிரேனை மூடிவிட்டுப் போன பிறகும் ஆடியிருக்கிறது. நீ கேட்பதற்கு முன்பே, புகார் எழுதின அன்றே, சுருளின் அந்தப் பகுதி என் கண்ணில் பட்டது. கவனித்துப் பார்க்காமல் சுருட்டி வைத்துவிட்டேன். பார்த்திருந்தால் புகார் எழுத முடியாது. புகார் எழுதாவிட்டால் வேலை போய்விடும். அவ்வளவுதான் என் கணக்கு. சுருள் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மூன்றாம் தேதி அண்ணாதுரை சாரிடமிருந்து கடிதம் வந்தது. எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். "பாராட்டுகள் முனீர்" என்று தொடங்குகிறது. ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற மூன்று நிலையங்களிலும் அதே நாள், அதே ஒன்பது பதினொன்றுக்குப் பேனா எகிறியிருக்கிறது. அதே ஆட்டம் பதிவாகியிருக்கிறது. சுருளைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அவர் எழுதியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று வீசுகிறது. நம் காற்று இல்லை, மின்சாரம் ஏறிய துகள்களின் காற்று. பூமியின் காந்தம் அதைத் தடுத்து நம்மைச் சுற்றி ஒரு கூடாரம்போல நிற்கிறது. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அந்தக் காற்று புயலாக வந்து கூடாரத்தை அமுக்கும். பேனா எகிறியது அந்த அமுக்கத்தில்தான். பிறகு புயல் கூடாரத்தின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு ஓடுகிறது. ஏரித் தண்ணீர்மேல் காற்று ஓடினால் அலை எழுமே, அதேபோல அங்கேயும் எழுகிறது. அந்த அலை உள்ளே இறங்குகிறது. உள்ளே வடக்கிலிருந்து தெற்கே வளைந்து போகிற காந்தக் கோடுகள், இரண்டு முனையும் பூமியில் கட்டிய கயிறுகள் மாதிரி. நீளத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு கயிற்றுக்கும் சொந்த ஆட்டம் ஒன்று உண்டு. வருகிற அலையும் கயிற்றின் ஆட்டமும் ஒத்துப்போகிற இடத்தில் அது பெரிதாகிவிடும். உங்கள் போர்டில் ரெசனன்ஸ் என்று சொல்வாயே, அதுதான். நம் பக்கத்துக் கயிறுகள் குட்டை. அவை இவ்வளவு மெதுவாக ஆடாது. இந்த அலை வெகு தொலைவில் எழுந்து, பூமி முழுவதையும் அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பூமி அளவு பெரிய ஒன்று நடந்திருக்கிறது. நான் அதை ஒரு கிணற்றுத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தேன்.

இந்த எட்டு நாளும் நாராயணப்பன் கையெழுத்துப் போட நடந்து போனார். நான் குடிசைக்குள் இருந்து பார்த்தேன். இதைச் சொன்னால் ஊர் என்னை என்ன செய்யும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன், அதற்குள் அவர் தாண்டிப் போய்விடுவார். அடித்தது எனக்குத் தெரியும் சுக்ரா. எழுதவில்லை.

பெருநாளுக்கு அங்கே வந்துவிடுகிறேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. உங்கள் சிப்காட்டில் எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லி வை. சாவியை அண்ணாதுரை சாருக்குத் தபாலில் அனுப்பிவிடலாம்.

முனீர்


ஓசூர்
13.4.1991

பெருநாளுக்கு வராதீர்கள்.

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். கடிதம் இன்றுதான் வந்தது, படித்த உடனே எழுதுகிறேன். பெருநாள் வரைக்கும் காத்திருந்தால் என் மனசு மாறிவிடும். மாமி உங்களுக்கு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அந்த மனிதர் தினமும் கையெழுத்துப் போட நடக்கிறவரைக்கும் நீங்கள் இந்த வீட்டு வாசலில் வந்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து என்ன பேசுவது?

முதலில் ஸ்டேஷனுக்குப் போங்கள். எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். நடுவில் ஒரு ராத்திரி வந்தால் உங்களுக்குத் தைரியம் போய்விடும். எனக்கும்தான்.

உங்களை அடிப்பார்கள் என்றால் அடிக்கட்டும் என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. அடிக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அப்படிக் கேட்டுக்கொண்டேதான் உங்களைப் போங்கள் என்றும் சொல்கிறேன். நான் வேறு எப்படி இருக்க முடியும்?

முடிந்ததும் ஒரு வரி போடுங்கள். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

சுக்ரா


கல்லாவி
19.4.1991

அன்புள்ள சுக்ராவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கை கால் முழுசாக இருக்கிறது. மாமியாரும் மருமகளும் இனிமேல் சாப்பிடலாம்.

உன் கடிதம் பெருநாளுக்கு முதல் நாள் வந்தது. ஊத்தங்கரையில் பெருநாள் தொழுகை முடித்து, அப்படியே பஸ் ஏறிக் கல்லாவி ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் முனிவேல் அண்ணாதுரை சாரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சூரியன்ல வெடிச்சதுக்கு எங்கள எதுக்குய்யா கூப்ட்ட?" என்றார். பொய்ப் புகார் கொடுத்ததற்கு என்னையே உள்ளே வைக்கலாம் என்று சொல்லி மதியம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார். கடைசியில் தவறாகப் புகார் கொடுத்துவிட்டேன் என்று என் கையால் எழுதி வாங்கிக்கொண்டார். நாராயணப்பன் இனிமேல் வர வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியதும் மறுபடி நின்றுவிட்டது.

அவர் வீட்டில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்த வீடு எல்லாவற்றுக்கும் நான் போய், அவர்மேல் தப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். பதினான்கு வீடு. நேற்று முழுவதும் அதுதான் வேலை. அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். யாரும் அடிக்கவில்லை. மூன்றாவது வீட்டில் என்னைப் பார்த்ததும் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வீட்டுப் பெரியவர் கிருஷ்ணப்பன், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, "எங்க ஏரு அந்தப் பக்கமே வர்லீங்க" என்றார். இத்தனை நாள் நான்தான் அவர்களுக்குப் பயந்து கிடந்தேன் என்று நினைத்தேன், சுக்ரா. அவர்கள்தான் எனக்குப் பயந்து கிடந்திருக்கிறார்கள். டீக்கடையில் பேச்சு நின்றதற்கும் அதுதான் காரணம். சாய்ந்த கம்பத்தைக் கேட்டேன், கிருஷ்ணப்பன் மாடு. பதினான்கு வீட்டிலும் சொன்னேன். எத்தனை பேர் நம்பினார்கள் என்று தெரியாது.

அண்ணாதுரை சாருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் இஷ்டம். அவர் பதில் வரும்வரை இங்கேதான் இருப்பேன். குடிசையைச் சாத்திக்கொண்டு ஓடி வர மாட்டேன்.

இனி அந்த வீடு.

நான் போனபோது நாராயணப்பன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காவேரி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் அவர் இடது பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுருளைக் கொண்டுபோயிருந்தேன். அதை விரித்து, ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஆடிய கோட்டைக் காட்டினேன். சூரியன், காற்று, கயிறு எல்லாம் தலை குனிந்தபடியே மெதுவான குரலில் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்ததைச் சொன்னேன். அண்ணாதுரை சாரின் கடிதத்தைப் பதினான்கு நாள் சட்டைப் பையில் வைத்திருந்ததைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

சொல்லி முடித்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, நான் அழுதிருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

"என்னா சொல்லிக்கினு இருந்த? ஸ்டேஷன்ல அடிச்சதுல இந்தக் காது போயிட்டுது. ஒண்ணும் கேக்கல" என்றார். "இந்தப் பக்கம் வந்து சொல்லு."

சுருளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.

உன்
முனீர் அகமது